பிரெட் கிட்: கம்பத்தில் கலந்து குமுளியில் சுட

பிரெட்டுக்கான மாவைக் கலந்து பாட்டிலில் அடைத்து இன்னொருவருக்குக் கொடுப்பதில், கலப்பது பாதி வேலைகூட இல்லை. மைதா, உப்பு, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்துப் போட யாராலும் முடியும். ஆனால் அந்தப் பாட்டில் போய்ச் சேரும் அடுக்களையில் நீங்கள் இருக்கப்போவதில்லை. அங்கே டம்ளர் வேறு, அடுப்பு வேறு, குளிரும் வேறு. பிசைபவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஈஸ்ட்டைப் பார்ப்பவராகவும் இருக்கலாம். அவர் கையில் பிரெட் நன்றாக வர வேண்டும் என்பதுதான் கிட் செய்பவரின் பொறுப்பு.

எங்கள் பக்கத்தில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் குமுளி. குடும்பத்தில் பாதிப் பேர் கீழே, பாதிப் பேர் மேலே என்பது இங்கே சாதாரணம். கீழே ஏப்ரலில் மின்விசிறிக்கு அடியிலும் புழுங்கும். மேலே வண்டிப்பெரியார் பக்கம் டிசம்பரில் இட்லி மாவு விடிந்த பிறகும் பொங்காமல் கிடக்கும். ஒரே கிட்டை இரண்டு இடத்துக்கும் கொடுத்து, ‘ஒரு மணி நேரம் ஊற வைக்கவும்’ என்று எழுதினால் கீழே மாவு வழிந்துவிடும், மேலே பாதிகூட உப்பியிருக்காது. அதனால் முதல் நாளிலிருந்தே இதைப் பழகிக்கொள்ளுங்கள்: ஊறும் நேரத்தை மணிக்கணக்கில் எழுதாதீர்கள், கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை எழுதுங்கள்.

தெருமுனை பேக்கரியில் பிரெட் கிடைக்கும்போது கிட் எதற்கு என்று கேட்பார்கள். வீடு முழுக்கப் பரவும் அந்த வாசனைக்கு ஈடு கிடையாது. அப்புறம், உள்ளே என்ன போட்டிருக்கிறது என்பது நமக்கே தெரியும். பிரெட்டில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை இந்தியாவில் 2016-இல் தடை செய்தார்கள். அந்த மாதிரி எதுவும் இல்லாமல், நம் வீட்டு டப்பாவில் இருக்கும் பொருள்களை மட்டும் வைத்துச் செய்து கொடுப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கும், புதுமனை புகும் வீட்டுக்கும், பிள்ளைகளுக்கு லீவு விட்ட வீட்டுக்கும் இதைவிட நல்ல அன்பளிப்பு எனக்குத் தெரியவில்லை.

ஒரு கிட்டுக்கான அளவு

மைதா 200 கிராம்
கோதுமை மாவு 100 கிராம்
சர்க்கரை 20 கிராம்
பால் பவுடர் 15 கிராம்
தூள் உப்பு 5 கிராம்
இன்ஸ்டன்ட் ட்ரை ஈஸ்ட் 4 கிராம், தனிப் பொட்டலத்தில்

வாங்குபவர் தன் வீட்டிலிருந்து சேர்ப்பது தண்ணீரும் எண்ணெயும் மட்டும். தண்ணீர் 180 முதல் 200 மில்லி, எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி. இது எட்டு அங்குல நீளமும் நாலு அங்குல அகலமும் உள்ள பிரெட் டின் ஒன்றுக்குச் சரியாக இருக்கும்.

மைதா மட்டும் போட்டால் பிரெட் இன்னும் உயரும், சந்தேகமில்லை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு கோதுமை மாவு சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ருசி கூடுகிறது, மறுநாளும் சாப்பிடலாம். பாதிக்கு மேல் போனால் மட்டும் புதியவர்களுக்குச் சிரமம். கோதுமைத் தவிடு மாவின் இழுவையை அறுத்துவிடும், பிரெட் கனமாக இறங்கிவிடும்.

மில்லில் அரைத்த கோதுமை மாவு என்றால் சூட்டோடு கட்டாதீர்கள். மில்லிலிருந்து வந்த மாவுக்குள் கையை விட்டால் நடுவில் வெதுவெதுப்பு வெகுநேரம் இருக்கும். அதை அப்படியே பாட்டிலில் அடைத்தால் மறுநாள் மூடிக்கு அடியில் முத்து முத்தாக வியர்த்திருக்கும். தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டுப் பிறகு எடுங்கள்.

ரவையை வறுத்து வைத்தால் வண்டு வராது என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அதே எண்ணத்தில் மைதாவையோ கோதுமை மாவையோ வறுத்துவிட வேண்டாம். பிரெட்டைத் தூக்கி நிறுத்துவது மாவில் இருக்கும் புரதம். வறுத்தால் அது கெட்டுப்போகும், பிறகு எவ்வளவு பிசைந்தாலும் இழுவை வராது. வண்டுக்கு வேறு வழி இருக்கிறது. மாவைப் பாக்கெட்டோடு நாலு நாள் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், குளிர் முழுக்க விடும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றில் இருக்கும் ஈரமெல்லாம் மாவில் இறங்கும்.

சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ போடலாமா என்று கேட்பார்கள். உங்கள் வீட்டில் உடனே சுடுவதற்குப் போடலாம். கிட்டில் வேண்டாம். அதிலிருக்கும் ஈரம் மாவைக் கட்டியாக்கிவிடும். கல் உப்பும் அப்படித்தான், தூள் உப்பே நல்லது.

ஈஸ்ட் விஷயத்தில் கவனம்

கடையில் இரண்டு வகை உலர்ந்த ஈஸ்ட் கிடைக்கும். ஆக்டிவ் ட்ரை ஈஸ்ட்டின் குருணை பெரிது, அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துத்தான் சேர்க்க வேண்டும். இன்ஸ்டன்ட் ட்ரை ஈஸ்ட் பொடியாக இருக்கும், மாவோடு நேராகக் கலக்கலாம். கிட்டுக்கு இரண்டாவதுதான். வாங்குபவர் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

அதையும் மாவோடு கலந்து அடைக்காதீர்கள். உப்பும் ஈரமும் பட்டுப் பட்டு ஈஸ்ட்டின் வீரியம் வாரக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். தனிப் பொட்டலமாக இருந்தால், கிட் அலமாரியில் அதிக நாள் தங்கிவிட்டாலும் புது ஈஸ்ட் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். சின்ன ஜிப் கவர் போதும். காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி மூடி, மாவின் மேல் வையுங்கள். ஸ்டேப்ளர் பின் மட்டும் அடிக்கவே கூடாது. மாவில் விழுந்த பின் கண்ணுக்குத் தெரியாது.

நாலு கிராம் என்பது சமையலறைத் தராசில் சரியாக விழாத எடை. ஒரு தேக்கரண்டியைத் தேர்ந்தெடுத்து, தலைதட்டிப் பத்து முறை எடுத்து, மொத்தத்தையும் ஒன்றாக நிறுத்துப் பாருங்கள். பத்தால் வகுத்தால் உங்கள் கரண்டியின் கணக்கு கிடைத்துவிடும். பொதுவாக ஒரு தேக்கரண்டிக்கு 3 கிராம் வரும். நான் மலைக்கு மேலே போகும் கிட்டுக்கு 4 கிராமும், கீழே கோடையில் சுடும் கிட்டுக்கு 3 கிராமும் வைக்கிறேன். வெயிலில் ஈஸ்ட் தானாகவே வேகம் பிடிக்கும், அதிகம் போட்டால் புளித்த நாற்றம்தான் வரும்.

பெரிய பாக்கெட்டைப் பிரித்ததும், கிட் கட்டுவதற்கு முன்னால் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி ஈஸ்ட்டும் போட்டால் பத்து நிமிடத்தில் நுரை கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால் அந்தப் பாக்கெட்டையே தள்ளிவிடுங்கள். மீதி ஈஸ்ட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வைக்கலாம்.

பாட்டிலும் இரண்டு கோடுகளும்

ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடி பாட்டில் நல்லது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆகும், மாவைத் தட்டித் தட்டி நிரப்ப வேண்டியிருக்கும். ஊறுகாய் இருந்த பாட்டில் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் மூடிக்குள் இருக்கும் அட்டையில் வாடை தங்கியிருக்கும். கழுவிய பாட்டிலை மூடியோடு சேர்த்து வெயிலில் காயவிட்டு, உள்ளே ஒரு டிஷ்யூ தாளைச் சுழற்றிப் பாருங்கள். தாள் துளி நனைந்தாலும் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

பாட்டிலைக் காய வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. காலிப் பாட்டிலைத் தராசில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, 180 கிராம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் வெளியே டேப் ஒட்டி ‘முதலில் இதுவரை’ என்று எழுதுங்கள். இன்னும் 20 கிராம் ஊற்றி, அங்கே இன்னொரு டேப்: ‘இதற்கு மேல் வேண்டாம்’. தண்ணீரில் ஒரு கிராம் ஒரு மில்லிக்குச் சமம் என்பதால் அளவு ஜாடிகூடத் தேவையில்லை. வாங்குபவர் மாவைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, அதே பாட்டிலில் தண்ணீரைக் கோடுவரை பிடித்து ஊற்றினால் சரி. வீட்டுக்கு வீடு டம்ளர் அளவு மாறுவதால் வரும் தொல்லை இதோடு முடிந்தது. பிரெட் சரியாக வராத வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர்தான் தப்பியிருக்கும். அதனால் இந்த டேப் ஒட்டும் வேலையை மட்டும் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள்.

பஸ்ஸில் யார் கையிலாவது கொடுத்தனுப்புவதாக இருந்தால் கண்ணாடிக்குப் பதிலாகக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில். கோடு அதிலும் போடலாம்.

பத்து கிட் கட்டும்போது மாவை ஒரே அண்டாவில் மொத்தமாகக் கலந்து பங்கு பிரிக்கலாம் என்று தோன்றும். பழகும்வரை வேண்டாம். உப்பும் சர்க்கரையும் ஒரே சீராகப் பரவாது, ஒரு வீட்டுக்கு உப்பு போகும், இன்னொரு வீட்டுக்குச் சப்பென்று போகும். ஒவ்வொரு கிட்டையும் தனித்தனியாக நிறுத்து, ஒரு கிண்ணத்தில் விஸ்க்கால் நன்றாகக் கலந்து பாட்டிலில் போடுங்கள். மழை பெய்யும் நாளில் இந்த வேலையே வேண்டாம். கம்பத்தில் ஐப்பசி, கார்த்திகையிலும், குமுளியில் ஆனி, ஆடியிலும் காற்றிலேயே ஈரம் இருக்கும். வெயில் காயும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாசனைக்கு ஏலக்காய் போடாமல் எங்கள் ஊரில் கிட் ஏது. ஆனால் பொடித்துப் போட வேண்டாம், பொடி சீக்கிரம் மணம் இழக்கும். பச்சை நிறம் மங்காத அஞ்சு காயை முழுசாகத் தனிக் கவரில் வையுங்கள், அவர்களே தட்டிப் போட்டுக்கொள்வார்கள். உலர் திராட்சையும் தனிக் கவரில்தான். பட்டைப் பொடியைத் தவிர்த்துவிடுங்கள், அது ஈஸ்ட்டை மந்தப்படுத்தும்.

கிட்டோடு போகும் அட்டை

இந்த அட்டைக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். என் அட்டையில் இருப்பது இது:

‘மாவைப் பெரிய பாத்திரத்தில் கொட்டி, ஈஸ்ட்டைச் சேர்த்துக் கலக்கவும். பாட்டிலில் முதல் கோடுவரை தண்ணீர் பிடித்து ஊற்றவும். குளிர் நாளில் கை பொறுக்கும் சூட்டில், வெயில் நாளில் குடத்துத் தண்ணீர். கொதிக்கும் தண்ணீர் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். காய்ந்த மாவு மீதி நின்றால் மட்டும் இரண்டாவது கோடுவரை.

கையில் ஒட்டும். மாவு தூவ வேண்டாம். பத்து நிமிடம் பிசைந்து, ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம் பிசையவும். ஒட்டுவது தானாகக் குறையும்.

நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளிச் சின்ன டம்ளரின் அடியில் அழுத்தவும். மாவின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில் ரப்பர் பேண்டை மாட்டவும். மீதி மாவை மூடி, டம்ளரையும் பக்கத்திலேயே வைக்கவும். டம்ளரில் இருக்கும் மாவு ரப்பர் பேண்டைத் தொட்டதும் அடுத்த வேலை.

இரண்டையும் சேர்த்துக் காற்று போக அழுத்தி, பாய்போல் சுருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வைக்கவும். மாவு டின்னின் விளிம்பை எட்டும்வரை மறுபடி மூடி வைக்கவும்.

முன்பே சூடாக்கிய ஓவனில் 190 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். டின்னிலிருந்து கழற்றி அடியில் தட்டினால் ‘டொக் டொக்’ என்று கேட்க வேண்டும். ஆறிய பிறகே அறுக்கவும்.’

‘கையில் ஒட்டும்’ என்ற வரியை எதற்காகவும் நீக்காதீர்கள். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை, பிரெட் மாவு தளர்ந்திருப்பதைப் பார்த்ததும் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்து மைதாவை அள்ளித் தூவும். அங்கேயே பிரெட் கல்லாகிவிடும். பிசைந்து முடித்த மாவில் ஒரு துண்டை எடுத்து மெதுவாக விரித்தால், பரோட்டா மாஸ்டர் வீசிய மாவுபோல அறுந்துவிடாமல் இழுபட வேண்டும். கோதுமை கலந்திருப்பதால் அவ்வளவு மெல்லிசாக வராது, கொஞ்சம் இழுபட்டாலே போதும்.

ரப்பர் பேண்ட் யோசனை வந்தது குமுளியில் இருக்கும் மதினியால். அட்டையை எழுதியதும் முதல் வேலையாக, பிரெட்டே சுட்டுப் பழகாத ஒருவரிடம் கிட்டைக் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். மதினி எல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டே வந்தவர், ‘இரண்டு மடங்காக உப்பும்வரை’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். “உருண்டையா இருந்த மாவு இப்ப பாத்திரம் பூரா பரந்து கெடக்கு. இதுல ரெண்டு மடங்குன்னு எதை வச்சு கொழுந்தனாரே பாக்குறது?” நியாயமான கேள்வி. அகலமான பாத்திரத்தில் அதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. டம்ளரில் முடியும். அதுமுதல் ஒவ்வொரு கிட்டிலும் ஒரு ரப்பர் பேண்ட் போகிறது. கோடையில் கம்பத்தில் முக்கால் மணியில் தொட்டுவிடும், மார்கழியில் மேலே இரண்டு மணி நேரமும் ஆகும். இரண்டு வீட்டுக்கும் அட்டை ஒன்றுதான். மேலே இருப்பவர்களுக்கு ஒரு வரி மட்டும் கூடுதலாகச் சேர்க்கிறேன்: ‘இட்லி மாவை எங்கே வைப்பீர்களோ அங்கேயே வைக்கவும்.’ குளிர் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு கதகதப்பான மூலை உண்டு. இல்லையென்றால் அணைத்திருக்கும் ஓவனுக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரோடு வைக்கலாம். அங்கே தேங்காய் எண்ணெய்தான் இருக்கும், குளிரில் உறைந்திருக்கும், உருக்கி ஊற்றச் சொல்லுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் பலர் பள்ளியில் படித்தது மலையாளம். அட்டையின் பின்பக்கம் மலையாளத்தில் எழுதித் தர அங்கேயே யாரையாவது கேளுங்கள். எழுதியதை அவர்களையே ஒருமுறை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டுக்கு

கொடுப்பதற்கு முன் ஓவன் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. இல்லாத வீட்டுக்கு, அடி கனத்த பெரிய பாத்திரம் ஒன்றில் தூள் உப்பை ஒரு விரல் கனம் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, டின்னை உள்ளே இறக்கி, மிதமான தீயில் 40 நிமிடம்போல வைக்கச் சொல்லலாம். மேல்பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும், எடுத்ததும் வெண்ணெய் தடவினால் பளபளக்கும். பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்தினால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றியே தீர வேண்டும். இதை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தண்ணீரில்லாமல் சூடாக்கினால் குக்கர் பாழாகும் என்பதால் நான் கனத்த சட்டியையே சொல்வது. இதே மாவை உருண்டைகளாக்கி இட்லிக் கொப்பரையில் வேக வைத்தால் வெள்ளை வெளேரென்று பன் கிடைக்கும்.

தேதியும் விற்பனையும்

கட்டிய தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். மில் கோதுமை மாவில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் ஒரு மாதத்துக்கு மேல் காறல் வாடை வரும். மைதா மட்டும் என்றால் இரண்டு மாதம் தாங்கும். கோதுமையும் பாலும் இருப்பதைத் தெளிவாக எழுதுவதும் அவசியம், ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள்.

சொந்தக்காரருக்குக் கொடுப்பது வேறு, காசு வாங்கி விற்பது வேறு. விற்பதாக இருந்தால் வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண், சைவக் குறியான பச்சைப் புள்ளி, எடை, பொருள்கள், தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். பதிவு எண் வரும்முன் ஆர்டர் எடுக்காதீர்கள்.

போன கிட் எப்படி வந்தது

‘நல்லா வந்துச்சு’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். அறுத்த துண்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அடிப்பக்கம் மட்டும் கெட்டியாக, மேலே வெடித்திருந்தால் இரண்டாவது முறை போதுமான அளவு உப்பவில்லை. மேலே அமுங்கிப் பெரிய பெரிய ஓட்டைகள் இருந்தால் அதிகம் உப்பவிட்டிருக்கிறார்கள், கீழே வெயில் ஊரில் இதுதான் வழக்கம், அடுத்த கிட்டில் ஈஸ்ட்டை ஒரு கிராம் குறையுங்கள். மொத்தமும் குட்டையாகக் கனத்துக் கிடந்தால் மாவு தூவியிருக்கிறார்கள், அல்லது தண்ணீர் கொதிநிலையில் போயிருக்கிறது. நடுவில் பிசுபிசுப்பு இருந்தால் வேகவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஓவனிலிருந்து எடுத்து எவ்வளவு நேரம் கழித்து அறுத்தார்கள் என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் காரணம் கத்திதான், வேக்காடு இல்லை.